மேகலா கேட்ட பூ

ஜூன் 3, செவ்வாய்

கேஸ் வந்தது. புது அரிசி மூட்டை பிரித்தேன். செவ்வாய்க்கிழமை ஒருபொழுது, சாயங்காலம் அவல் மட்டும்.

மேகலாவின் கல்லூரியில் இன்று கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார்களாம். மேலாண்மைத் துறையில் பாடம் நடத்துகிறவர்கள் டாக்டர் பட்டம் வைத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் எங்காவது அதற்குச் சேர்ந்துவிட்டதாகவாவது காட்ட வேண்டும். இரண்டும் இல்லாதவர்களுக்கு அடுத்த வருடம் வேலை இல்லை. இதைச் சொல்லிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். எனக்குத்தான் கை ஓடவில்லை.

"இங்கயே எங்காச்சும் சேர முடியாதா கண்ணு?"

"ரெண்டு வருசமா கைடு தேடறேன், உனக்குத் தெரியாததா? போன வாரம் பாத்தவரு முதல் கேள்வியே, 'குடும்பம் செட்டில் ஆயிருச்சா மேடம்'னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஆயிருச்சு சார், நான்தான் அதுல இல்லைன்னேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரித்து வெகுநாள் ஆகிறது.

கரூரிலிருந்து அவள் வந்து, ஆவணி பிறந்தால் இரண்டு வருடம். மாப்பிள்ளை பூபாலன் அங்கே நூல் ஏஜென்சி நடத்துகிறார். வந்த அன்று இடது மணிக்கட்டில் கைக்குட்டை சுற்றியிருந்தாள். எண்ணெய் தெறித்துவிட்டது என்றாள். எண்ணெய் வளையல் போல வட்டமாகத் தெறிக்குமா என்று நான் கேட்கவில்லை. புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

ஜூன் 7, சனி

கோயம்புத்தூரில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழி சொல்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது. மேகலாவின் சிநேகிதி நம்பர் கொடுத்தாள். அவர்கள் அனுப்பிய விவரங்களை மேகலாவின் போனிலிருந்து என் போனுக்கு மாற்றி வாங்கிக்கொண்டேன்.

எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. பேப்பரையும் அகராதியையும் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் படிக்க நானே பழகினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் படித்தது மறக்காது.

போலந்தில் கட்டணம் பரவாயில்லை. குளிருக்கு உடுப்பும் அறை வாடகையும் சேர்த்தால் எங்கேயோ போய்விடுகிறது. ஜார்ஜியா எங்கே இருக்கிறது என்று மேகலாவின் பழைய அட்லஸை எடுத்துத் தேடினேன். சுற்றிலும் மலை, தெரிந்த பெயர் ஒன்றுகூட இல்லை. மலேசியாதான் கைக்கு எட்டுகிறது. மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கட்டணம் ஏழு லட்சத்துக்குள் முடியும். பினாங்கு என்கிற ஊர். மலைமேல் முருகன் இருக்கிறாராம். சோறு கிடைக்கும். தெருவில் தமிழ் கேட்கும்.

நடுவில் கடல் இருக்கிறது. கரூரிலிருந்து அங்கே பஸ் கிடையாது.

ஜூன் 10, செவ்வாய்

என் கணக்கில் பெரிய ஓட்டை. அங்கே படிக்கிற பிள்ளைகள் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்யலாம் என்று படித்துவிட்டு, வருடம் முழுக்க வருமானம் போட்டுச் சாப்பாட்டுச் செலவைச் சரிக்கட்டியிருந்தேன். கோயம்புத்தூர் ஆபீஸ் பெண் போனில் சொல்கிறாள்: "ஆன்ட்டி, அது லீவு நாள்ல மட்டும்தான். அதுவும் பர்மிஷன் வாங்கணும்." எனக்கு முகம் சிவந்துவிட்டது. நல்லவேளை, போனில் தெரியாது.

மறுபடி போட்டேன். என் சீட்டுப் பணம் ஆவணியில் வரும். அதையும் சேர்த்தால் முடியும். இழுத்துப் பிடித்தால் முடியும்.

மேகலாவிடம் காட்டினேன். "சரிம்மா" என்றாள். தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

நங்கையா வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, பெயர் சௌந்தரம். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த வீட்டில் என்ன பேசக்கூடாதோ அதைத்தான் பேசுவார்.

"என்ன துளசி, பொண்ணு சீமைக்குப் போறாளாமா? டாக்டரு ஆனா எனக்கு முட்டிக்கு ஊசி போடுவாளா?"

"அது அந்த டாக்டர் இல்லீங் நங்கையா. வியாபாரப் படிப்புல டாக்டர்."

"வியாபாரத்துக்கு எதுக்குப் படிப்பு? என்ற வீட்டுக்காரரு படிச்சா கடை வெச்சாரு?"

"அதனாலதான் கடையெ மூடிட்டாரு அத்தை" என்று மேகலா உள்ளே இருந்து சொன்னாள். நங்கையா பக்கென்று சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்கத் தண்ணீர் கேட்டார்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். மாப்பிள்ளையின் அப்பா பங்குனியில் தவறிப்போனதிலிருந்து மாப்பிள்ளை ஒடுங்கிவிட்டாராம். நங்கையாவின் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தாராம். "அத்தை, நான் மாறிட்டேனுங், நீங்கதான் சொல்லோணும்" என்று கண் கலங்கினாராம்.

"ஆம்பளை அழுதா அது சும்மாவா?" என்றார் நங்கையா, தம்பியைப் பார்த்து.

இவர் பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்தார். பால் சொசைட்டியில் செயலாளராக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். கூட்டம் முடியும்வரை வாய் திறக்கமாட்டார், முடிந்தபின் திறந்தும் பிரயோஜனம் இருக்காது.

நான் காபி கலக்கப் போனேன். சர்க்கரை போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டாம் முறை போட்டுவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

அந்தப் பல்கலைக்கழகத்தில் முன்பு படித்த ஒருவரின் ஆய்வுச் சுருக்கத்தை வலைத்தளத்தில் போட்டிருக்கிறார்கள். சிறு கடைக்காரர்கள் கடனுக்கு விற்பது எப்படி ஊரின் நம்பிக்கையைக் காப்பாற்றுகிறது என்பது பற்றி. மத்தியானம் முழுக்க அகராதி பார்த்துப் பார்த்துப் படித்தேன். இதற்கா டாக்டர் பட்டம் என்று முதலில் தோன்றியது. பிறகு, இதற்குத்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. நம் தெருக்கோடி மளிகைக் கடையை வைத்து நானே இரண்டு பக்கம் எழுதலாம்.

நூலகம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் திறந்திருக்குமாம். விடுதியிலிருந்து நடக்கிற தூரம். நாங்கள் போய்ச் சேரும்போது மழைக்காலமாக இருக்கும். நல்ல குடை வாங்க வேண்டும்.

மேலே 'நாங்கள்' என்று எழுதியிருக்கிறேன். மேகலா என்று படிக்கவும்.

அவள் மொட்டைமாடியில் போன் பேசிக்கொண்டிருந்தாள். துணி எடுக்கப் போனேன். என்னைப் பார்த்ததும் "அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். கோயம்புத்தூர் ஆபீஸாக இருக்கும்.

ஜூன் 25, புதன்

அமாவாசை. காக்கைக்குச் சோறு வைத்தேன்.

இன்று ஒரு குழப்பம் தீர்ந்தது. டாக்டர் பட்டத்திலேயே இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்று, கம்பெனி நடத்துகிறவர்கள் தொழிலுக்காக வாங்குவது. விலை குறைவு, வீட்டிலிருந்தே முக்கால்வாசி முடித்துவிடலாம். இன்னொன்று ஆராய்ச்சிப் பட்டம். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், செலவும் கூடுதல். முதல் வகையை வைத்துக்கொண்டு இங்கே கல்லூரியில் வேலை கேட்டால் ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டேன். ஆபீஸ் பெண் "அது காலேஜைப் பொறுத்தது ஆன்ட்டி" என்றாள். இரண்டாவதுக்கும் திரும்பி வந்தபின் இங்கே சமமான படிப்புதான் என்று சான்று வாங்க வேண்டுமாம்.

இவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெலை கொறைஞ்ச வேட்டி ரெண்டு தண்ணிக்குக் கூட வராது."

"அப்ப ரெண்டாவதுக்கே போகட்டுமுங்."

"போகட்டும்னு நான் எங்க சொன்னேன்?"

மேகலாவைக் கேட்டேன். "எதுன்னாலும் சரிம்மா. நீ பாத்துச் சொல்லு" என்றாள். முப்பத்தொரு வயதுப் பெண், எம்.பி.ஏ. வகுப்பு எடுக்கிறவள், எதைக் கேட்டாலும் நீ பாத்துச் சொல்லு என்கிறாள். முன்பு அப்படி இல்லை. கல்யாணப் புடவை எடுக்கும்போது கடைக்காரரையே அழவைத்தவள்.

ஜூன் 29, ஞாயிறு

இட்லிக்கு மாவு ஆட்டினேன்.

சாப்பிட்டு முடித்ததும் இவர் வாய் திறந்தார். "நம்மளுக்குள்ள பேசிப் பேசி ஒண்ணும் ஆகாது. மலைக்குப் போய்ப் பூக் கேட்டுப் போடலாம். சாமி என்ன சொல்லுதோ அது."

எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் கிணறு வெட்டினாலும் குன்றுக்கோயிலில் பூக் கேட்காமல் செய்வதில்லை. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டும் ஒரே மாதிரி இலையில் கட்டி முருகன் பாதத்தில் வைப்பார்கள். கேட்கிறவர் கேள்வியை மனசுக்குள் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லக்கூடாது. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் சுனையில் போட்டுவிட வேண்டும். அதைப் பிரித்துப் பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுவது.

"மேகலாவே எடுக்கட்டும்" என்றார். அவளும் தலையாட்டினாள். இத்தனை நாளில் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது இன்றைக்குத்தான்.

பொட்டலம் கட்டுவது நான். இந்தத் தெருவில் யார் பூக் கேட்டாலும் நான்தான் கட்டிக்கொடுப்பேன். விரதம் இருக்கிற கை என்று சொல்வார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

குளித்து, ஈரப் புடவையோடு பூப்பறித்தேன். வெள்ளை அரளி நிறையப் பூத்திருக்கிறது. செவ்வரளிச் செடி வரை போனேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன். வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டினேன்.

மலையில் கூட்டம் இல்லை. குருக்கள் இரண்டையும் பாதத்தில் வைத்து அர்ச்சனை செய்தார். மேகலா வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளமான கேள்வியா என்று நினைத்துக்கொண்டேன். வலதுகைப் பொட்டலத்தை எடுத்தாள்.

வெள்ளை.

இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேகலா அழுதாள். இன்னொரு பொட்டலத்தைச் சுனையில் நானே போட்டேன். கட்டு இறுக்கமாகத்தான் இருந்தது; மிதந்து, பிறகு முழுகிவிட்டது.

தட்டில் ஐம்பது ரூபாய் போட்டேன். வழக்கமாக இருபது.

ஜூலை 2, புதன்

பாராயணம் செய்ய உட்கார்ந்தேன். பாதியில் அடுத்த வரி வரவில்லை. வயசாகிறது.

ஜூலை 8, செவ்வாய்

வேலை மேல் வேலை. மேகலாவின் பாஸ்போர்ட் இன்னும் மூன்று வருடத்துக்குச் செல்லும். மருத்துவப் பரிசோதனைக்கு ஈரோட்டுக்குப் போக வேண்டும். விண்ணப்பத்தோடு, ஏன் இந்த ஆராய்ச்சி என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். அவள் எழுதுவாள் என்று ஒரு வாரம் பார்த்தேன். பிறகு நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஷில் மாற்றிக்கொள் என்று.

வாங்கிப் படித்தாள். "நல்லா எழுதியிருக்கேம்மா" என்றாள். பிறகு, "நீதான் படிக்கப் போயிருக்கோணும்" என்றாள்.

அதில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை.

ஜூலை 14, திங்கள்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் தவணை கட்ட வங்கிக்குப் போகலாம் என்று கிளம்பி நின்றேன். மேகலா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். இவரும் இருந்தார்.

"பணம் கட்ட வேண்டாம்மா."

"ஏன், தேதி மாத்திட்டாங்களா?"

"நான் கரூருக்குப் போறேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதாவது சாமான் எடுக்கப் போகிறாளோ என்று நினைத்தேன்.

"அவரு நாலு மாசமாப் பேசறாரு. மாறிட்டேன், வான்னு கூப்பிடறாரு. எனக்கு ஒரு முடிவுக்கும் வர முடியலை. அதான் சாமிகிட்டக் கேட்டேன்."

"சாமிகிட்டக் கேட்டது மலேசியாவுக்குப் போறதெல்லோ?"

"அதைத்தான் நீங்க முடிவு பண்ணிட்டீங்களே. முடிவு பண்ணதெப் போயி சாமிகிட்டக் கேக்கறதுக்கு என்ன இருக்குது? நான் கேட்டது, திரும்ப அவருகூடப் போலாமான்னு. வெள்ளை வந்துச்சு." கன்னத்தில் கண்ணீர் இருந்தது, முகம் மட்டும் தெளிவாக இருந்தது. "உங்ககிட்டச் சொல்றதுக்குத்தான் இத்தனை நாளாத் தைரியம் வரலை."

இவர் எழுந்து காலண்டர் பக்கம் போனார். "சாமி சொன்னதுக்கு அப்பறம் நாம என்ன" என்றார். பிறகு, "ஆடி வருது. ஆடியில அனுப்பக்கூடாது. ஆவணி பொறக்கட்டும்" என்றார்.

நான் கையில் இருந்த பையை மாட்டினேன். எங்கே மாட்டினேன் என்று பிறகு தேட வேண்டியிருந்தது.

இரண்டிலும் வெள்ளைதான். இரண்டு பொட்டலத்திலும் நான் வெள்ளையைத்தான் கட்டினேன். அவள் கடல் தாண்டிப் போகட்டும் என்று கட்டினேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. தலை ஆடிக்கு வருடா வருடம் சுடுகிற தேங்காயை இந்த முறை சுடவில்லை.

ஜூலை 23, புதன்

சொல்லிவிடலாம் என்று காலையில் நினைக்கிறேன். சொன்னால், நாற்பது வருடமாக நான் இருந்த விரதம், தெருவுக்கெல்லாம் கட்டிக்கொடுத்த பொட்டலம், எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் கட்டிய பொட்டலத்தில் வெள்ளை எடுத்துக் கல்யாணம் பண்ணியவர்கள் இருக்கிறார்கள். அவற்றை ஒழுங்காகத்தான் கட்டினேன். யார் நம்புவார்கள்?

மலைக்குப் போகவில்லை. முட்டி வலி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மாப்பிள்ளை வந்தார். நங்கையா கூட வந்தார். மேகலாவுக்குப் புடவை, எங்களுக்கு ஒரு டப்பா இனிப்பு. மாப்பிள்ளை இளைத்திருக்கிறார். எனக்கும் இவருக்கும் காலில் விழுந்து கும்பிட்டார். எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு செய்திருந்தேன். நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிட்டார். ஒரு குறையும் சொல்ல முடியாது.

சாப்பிடும்போது மேகலாவின் போன் அடித்தது. கோயம்புத்தூர் ஆபீஸ். அவள் கை நீட்டுவதற்குள் மாப்பிள்ளை எடுத்தார். "அவங்க வர்றதில்லைங்க. இனிமே கூப்பிடாதீங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் போனைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மேகலா ரசம் ஊற்றினாள். இலைக்கு வெளியே ஊற்றிவிட்டாள்.

கிளம்பும்போது நான்தான் கேட்டேன். "மாப்ளே, அவ போனுங்." "அட, மறந்தே போச்சுங் அத்தை" என்று சிரித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார்.

"பாத்தியா துளசி, எத்தனை பவ்யம்!" என்றார் நங்கையா.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

இவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். மேகலா பூஜையறையில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அம்மிணி, அந்தப் பூ சாமி கொடுத்த பூ இல்லை. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வெச்சிருந்தேன்."

துடைப்பதை நிறுத்தினாள். என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"நீயா?"

"நான்தான்."

"விரதத்தன்னிக்கு எச்சில் முழுங்கக் கூட யோசிக்கிறவ நீ. கடைக்காரன் ரெண்டு ரூவா சேத்திக் குடுத்துட்டான்னு வெயில்ல திரும்பி நடந்தவ. நீ சாமி பூவுல கை வெச்சியா? ஆருகிட்டம்மா சொல்றே?"

"உன்னெ மலேசியாவுக்கு அனுப்பறதுக்குத்தான் கண்ணு..."

"என்னெ கரூருக்குப் போகவிடாம பண்றதுக்கு இப்ப சொல்றே."

"இல்லை கண்ணு. மெய்யாலுமே."

"சிவப்பு வந்திருந்தா நீ இந்தக் கதையெச் சொல்லியிருப்பியா?"

சிவப்பு வந்திருக்கவே முடியாது என்பதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்! அதை எப்படிச் சொன்னாலும் அவளுக்குப் பொய்யாகவே கேட்கிறது. சுனையில் போட்டது அழுகிப் போயிருக்கும். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

"சூடம் கொளுத்தி அடிச்சுச் சத்தியம் பண்றேன்" என்று எழுந்தேன். தட்டில் சூடத்தை வைத்துப் பற்றவைத்தேன். கையை ஓங்கினேன். மேகலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே பிடித்தாள், ஆனால் விடவில்லை.

"வேண்டாம்மா. பொய்ச் சத்தியம் பண்ணி உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா, நான் அங்க நிம்மதியா இருப்பனா?"

சூடம் எரிந்து தானாக அணைந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உனக்கு அவருகூட இருக்கோணும்னு ஆசையா கண்ணு?" என்று கேட்டேன். இரண்டு வருடத்தில் மாப்பிள்ளையைப் பற்றி நான் அவளை ஒன்றும் கேட்டதில்லை. இதுதான் முதல்.

"ஆசையெல்லாம் தெரியலைம்மா. எனக்கு முடிவெடுக்கத் தெம்பு இல்லை. இங்க இருந்தா எல்லாரும் என்னெப் பாக்கறாங்க. அங்க போனா படிக்கோணும். ஒரு பக்கம் படிச்சா மறுபக்கம் மறந்துருது. ஆராச்சும் ஒருத்தரு சொல்லிட்டா போதும்னு இருந்துச்சு. சாமியே சொல்லிருச்சு. அதெப் போயிக் கலைக்காதே."

விளக்கை எடுத்து மறுபடி துடைக்கத் தொடங்கினாள். மிகவும் நன்றாகத் துடைத்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

பத்து மணிக்கு மேல் புறப்பட்டார்கள். கார் அனுப்பியிருந்தார் மாப்பிள்ளை. நங்கையா கூடப் போனார். தேங்காய், பழம், வெற்றிலை, ஊறுகாய் ஒரு ஜாடி.

புறப்படும்போது என் காலில் விழுந்தாள். எழுந்து நெற்றியைக் காட்டினாள். "சாமி சொன்னபடி போறேம்மா. உன் கையால துந்நூறு வெச்சு விடு."

வைத்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சீட்டுப் பணம் வந்தது. பீரோவில் வைத்தேன்.

மேகலாவிடம் பேசினேன். "நல்லா இருக்கேன். சாப்டாச்சு. நீ சாப்டியா?" பின்னால் "ஆரு?" என்று குரல். "அம்மாதானுங்" என்றாள். முன்பெல்லாம் மாப்பிள்ளையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். மரியாதை வந்திருக்கிறது போலும். கல்லூரிக்கு ராஜினாமா அனுப்பியாகிவிட்டதாம். யார் அனுப்பினார்கள் என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

பினாங்கில் இன்று வகுப்புகள் தொடங்குகின்றன. சும்மாதான் எழுதி வைக்கிறேன்.

பதினோரு மணிக்கு மேகலாவுக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார். "தூங்கறாங்க அத்தை." பகல் பதினோரு மணி. அசதியாக இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்குச் செய்தேன். "குளிக்கப் போயிருக்காங்க." சாயங்காலம் செய்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நங்கையாவைக் கேட்டேன். "புருசன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். தாயார்க்காரி நீ எதுக்கு மணிக்கொருக்காப் போன் போட்டுட்டு?" என்றார். அதுவும் சரிதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மாப்பிள்ளையின் போனும் எடுக்கவில்லை.

ஒருபொழுது இருக்கவில்லை. இருக்க மறந்துவிட்டேன், காலையிலேயே இட்லி தின்றுவிட்டேன்.

இரண்டரை மணிக்கு இவருக்குச் சோறு போட்டுக் கூப்பிட்டேன். ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால் கூடத்தில் வெளியே போகிற சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"காரு சொல்லியிருக்கேன்."

"எங்கீங்?"

"கரூருக்கு. அவ படிப்புச் சர்டிபிகேட்டெல்லாம் இங்க இருக்குதா, அங்க கொண்டுட்டுப் போயிட்டாளா?"

"இங்கதானுங் இருக்குது."

"அப்பச் சரி. ஆளெ மட்டும் கூட்டியாந்தாப் போதும். பொறப்படு."

கடிகாரத்தைப் பார்த்தேன். வாய்வரை வந்தது. இவரும் பார்த்தார், ராகுகாலத்தில் பால் கணக்குப் புத்தகத்தைக் கூடத் திறக்காதவர்.

"தெரியும்" என்றார். "வேற நேரம் நமக்கு இல்லை."

நான் அவருடைய பொத்தானைச் சரிசெய்துவிட்டேன். சோற்றை மூடிவைத்தேன். பீரோவிலிருந்து சீட்டுப் பணத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது, வழியில் சொல்லிவிடுவேன். பூஜையறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே போய் எதுவும் கேட்கவில்லை.

மணி மூன்று. ராகுகாலம் ஆரம்பித்துவிட்டது. கார் வந்து நிற்கிறது.